காவிரி நாட்டு உழவும் வானிடரும்

உழவுத்தொழிலுக்கு நேரும் கேடுகளை நம் முன்னோர் ஈதிபாதை என்னும் பெயரால் ஆறாக வகுத்தனர். மிகுமழை, மழையின்மை, எலி, விட்டில், கிளி, அரசரது நெருக்கம் என்பன அவை. இவற்றுள் முதற்கண் வைக்கப்பட்ட இரண்டும் வானத்தினின்று வருவன என்பது நோக்கத்தக்கது. எலிக்குக் கிட்டி உண்டு. கிளிக்குக் கவண் உண்டு. விட்டிலுக்கு இக்காலத்து மருந்தும் உண்டு. அரசர் படையெடுப்பால் வயல்கள் பாழாகும் நிலையோ நம் நாட்டைவிட்டு நீங்கிற்று. வானத்தால் வரும் கேடுகள் மட்டும் நீங்காது நிற்பதோடு, அளவிலும் விரைவிலும் மிகுந்து வருகின்றன. இவை உழவையும் அதன் முன்னேற்றத்தையும் எவ்வாறு தாக்குகின்றன என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

வானிடரால் உழவனுக்கு வரும் இழப்பு யாது என வினவின், விளைவு போயிற்று என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. சிறிது ஆழ்ந்து நோக்குவோமாயின், அவ்விழப்பு மூவகைப்படும் என்பது புலனாகும். முதலாவது விளைவிழப்பு, இஃது ஒரு போகத்தோடு முடிவது. இரண்டாவது முதலிழப்பு, அஃதாவது மரம், மாடு, கரை, மண்வளம் ஆகிய, பல்லாண்டு உழைத்துத் தேடியவை ஓரிரவிலோ ஒரு பருவத்திலோ அழிவது. மூன்றாவது ஊக்கவிழப்பு; அஃதாவது அடுத்த ஆண்டும் இவ்வாறே நேருமோ என்னும் அச்சத்தால் உழவன் நிலத்தில் பொருளும் உழைப்பும் இட மனங்கொள்ளாமை. இம்மூன்றனுள் முதலாவதே கணக்கில் ஏறுகின்றது; மூன்றாவதே வேளாண்மை வளர்ச்சியை வேரறுக்கின்றது. இவ்வுண்மையைக் காவிரிப் படுகையில் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து நேர்ந்த இடர்களைக்கொண்டு விளக்க முயல்வாம்.

நாட்டின் இயல்பு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிய, எஞ்சிய காவிரி கரிகாற்சோழன் பெயரோடு வழங்கும் கல்லணையை அடைகின்றது. அங்கிருந்து வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. பின்னர்க் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு முதலிய கிளைகள் தோன்றித் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை வளப்படுத்துகின்றன. இந்நிலம் கடலை நோக்கி மிகச் சிறிதே சரிந்தது. ஆதலின் நீர் பாய்தற்கு எளிது, வடிதற்கு அரிது. அந்நாட்டு உழவின் நலமும் இடுக்கணும் இவ்வொன்றினுள் அடங்கும்.

இந்நாடு இருவேறு மழைகளை நம்பி வாழ்வது. குடகு முதலிய மேற்கு மலைப்பகுதிகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை மேட்டூர் அணையை நிரப்புகின்றது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையின் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியாம். அணை திறக்க வகுத்த நாள் ஜூன் 12. மற்றொன்று வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வயலின்மீதே நேராகப் பெய்வது.

அணைநீர் உரிய நாளில் வரின் குறுவை நடப்பெறும். அது நூறு நாளுக்குச் சற்று மேற்பட்ட பயிர். ஆகஸ்டு அளவில் தொடங்கிப் பொங்கலையொட்டி அறுவடையாவது சம்பா. குறுவை அறுத்த வயலில் நடப்பெறுவது தாளடி. குறுவை அறுவடையும் வடகிழக்கு மழையின் தொடக்கமும் நெருங்கி வருகின்றன. சம்பா தூர்கட்டும் காலமும் அம்மழை மிகும் காலமும் ஒன்றேயாகின்றன. எனவே இந்நாட்டில் வேண்டும் மழைக்கும் வேண்டா மழைக்கும் உள்ள இடைவெளி சில நாட்களே. முன்னோர் பருவந்தோறும் வகுத்த நடவுமுறை இச்சில நாட்களைக் கணக்கிட்டு அமைத்ததேயாம். அக்கணக்கு பிறழுமிடத்தே இடர் தொடங்குகின்றது.

மழையின்மை

2016-ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூனில் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20-ஆம் நாளே திறக்கப்பெற்றது. அணைநீரை நம்பியோருக்குக் குறுவை இல்லையாயிற்று. சம்பாவையேனும் காப்போம் என்று பலர் நாற்றங்கால் விடாது நேரடியாக விதைத்து வானை நோக்கியிருந்தனர். தமிழ்நாட்டில் அம்மூன்று மாதங்களில் ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் பெய்யவேண்டிய மழை, 168 மில்லிமீட்டரே பெய்தது. நூற்றுக்கு 62 பங்கு குறைவு. 1876-ஆம் ஆண்டிற்குப் பின் அத்துணைக் குறைந்த வடகிழக்கு மழை பெய்ததில்லை. 2017 ஜனவரியில் அந்நாளைய 32 மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அரசினரால் அறிவிக்கப்பட்டன.

1876 என்னும் ஆண்டை ஈண்டுச் சிறிது நினைவுகூர்தல் தகும். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் வழங்கும் பெரும்பஞ்சம் அவ்வாண்டிலே தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் உணவின்றி மாண்டனர். அதன்பின் அமர்த்தப்பெற்ற பஞ்ச ஆராய்ச்சிக் குழுவினர் 1880-இல் அளித்த அறிக்கையிலே மாகாணந்தோறும் வேளாண்மைத் துறை அமைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினர். நம் நாட்டில் வேளாண்மை வளர்ச்சி என்று அரசினர் மேற்கொண்ட முயற்சியின் ஒரு வேர் அப்பஞ்சத்திலே ஊன்றியது எனின் மிகையாகாது.

வானம் 2016-இல் அவ்வாறே பொய்த்தபோதிலும் அத்தகைய பஞ்சம் வரவில்லை. பிறபகுதிகளின் நெல்லும் நியாயவிலைக் கடையும் மக்களைக் காத்தன. இது பெருவெற்றியே. ஆயினும் உண்போர் காக்கப்பட்டனரேயன்றி உழுவோர் காக்கப்படவில்லை. விதையும் உழவுகூலியும் மண்ணில் இட்டபின் முளைத்த பயிர் கருகிற்று. வாங்கிய கடன் கருகவில்லை. கருகிய வயலைக் கண்டு மனமுடைந்து மாண்டவர்களைப் பற்றியும், கடன்சுமை தாங்காது உயிர்நீத்தவர்களைப் பற்றியும் அம்மாதங்களில் நாளேடுகளில் செய்திகள் வந்தவண்ணமிருந்தன. வைக்கோல் இல்லாமையால் மாடு விற்றோர் பலர். மாடு போகவே எருவும் போயிற்று. கடலோரத்திலோ நிலத்தடி நன்னீர் குறையக் குறைய உப்புநீர் உள்ளே ஏறுகின்றது. மழை மீண்டாலும் அவ்வுப்பு உடனே மீளுவதன்று. மழையின்மை விளைவிழப்பாய்த் தொடங்கி முதலிழப்பாய் முதிரும் வழி இதுவேயாம்.

நீர்மிகுதி

2018-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் மேட்டூர் அணை ஐந்தாண்டுக்குப் பின் தன் முழு அளவாகிய 120 அடியை எட்டியது. உழவர் உள்ளம் குளிர்ந்தது. ஆகஸ்டில் மேற்கே பெருமழை பெய்யவே, அணையினின்று விடப்பெற்ற நீர் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கன அடி வரை உயர்ந்தது. ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் எழுப்பிய அணை அது. பின்னர் அதனருகே புதிய கதவணை கட்டப்பெற்றது. கொள்ளிடத்தின் வழியே வெள்ளம் கடலை அடைந்துகொண்டிருந்த அந்நாட்களில், கடைமடை வாய்க்கால்களுக்கு நீர் எட்டவில்லை என்ற முறையீடும் எழுந்தது. ஒரே ஆற்றில், ஒரே மாதத்தில், மிகுதியும் குறைவும் அருகருகே நின்றன. நீர் மிகுதல் வேறு, நீர் பயன்படுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வயலில் நீர் மிகுந்து நிற்பின் நெற்பயிர்க்கு நேர்வது யாது என்பதனையும் அறிதல் வேண்டும். நெல் நீரில் வாழும் பயிரேயாயினும் நீருள் மூழ்கி வாழும் பயிரன்று. இலை முழுதும் மூழ்கின் அது காற்றையும் ஒளியையும் இழக்கின்றது. மேலே தலைநீட்ட முயன்று தன்னுள் சேமித்த மாவுப்பொருளைச் செலவிட்டு மெலிகின்றது. நீர் வடிந்தபின் நிற்க வலியற்றுச் சாய்ந்து அழுகுகின்றது. கதிர் முற்றியபின் மழை பெய்யினோ தாள் சாய்ந்து கதிர் சேற்றில் படிகின்றது. விதையுறக்கம் இல்லாத நெல்வகையாயின் கதிரிலேயே முளைகிளம்பும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவந்தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவை இவ்வாறே கெடுத்தது. தப்பிய நெல்லுக்கும் இடர் உண்டு. கொள்முதல் நிலையத்தார் ஏற்கும் ஈரப்பதம் பொதுவாக நூற்றுக்கு 17 பங்கு. வெயில் இன்றி நெல்லை உலர்த்துவது எங்ஙனம்? சாலையோரத்தே நெல்லைக் கொட்டி வானத்தையும் தராசையும் மாறி மாறி நோக்கியிருக்கும் உழவனது துயரை விளைவுக் கணக்கு காட்டாது.

இவ்வகை மழை மிகுதற்குக் காரணமும் அறிஞர் கூறுவர். வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை உயரின் காற்று தாங்கும் நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுகின்றது. ஆதலின் பெய்யும்போது ஒருங்கே கொட்டும் இயல்பு மழைக்கு வருகின்றது. ஆண்டு மழையின் கூட்டுத்தொகை மாறாதிருப்பினும், அது பெய்யும் நாட்கள் குறைந்து ஒரு நாளைய அளவு மிகுமாயின், உழவனுக்கு அது வேறு மழையே. குளம் கொள்ளும் மழை வேறு. கரை உடைக்கும் மழை வேறு.

காற்று

முன்னோர் கூறிய ஆறனுள் புயற்காற்று தனியே எண்ணப்படவில்லை. கீழைக்கடற்கரை உழவனோ அதனை ஏழாவதாகக் கொள்ளக் கடமைப்பட்டவன். 2018 நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. காற்றின் விரைவு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. வானிலைத் துறையினர் முன்னரே எச்சரித்தமையால் 80,000-க்கு மேற்பட்டோர் பாதுகாப்பிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். மக்களைப் பெயர்க்க இயலும். தென்னையைப் பெயர்க்க இயலாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, வேதாரண்யம் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. இடைமுறிந்து வீழ்ந்தவையும் பல. ஆலங்குடிப் பக்கத்துப் பலாவும், வேதாரண்யத்து மாவும், கடலோரச் சவுக்கும் முந்திரியும் அவ்வாறே அழிந்தன.

இவ்விடத்து ஓர் உண்மை ஊன்றி நோக்கற்பாலது. அப்பகுதியில் தென்னை வைத்தோருட் பலர் ஆற்றுநீரின் உறுதியின்மைக்கும் கூலியாட் குறைவுக்கும் அஞ்சி நெல்லை விடுத்துத் தென்னைக்கு மாறியவர்கள். ஓர் இடருக்கு அரணாகத் தேடியதே மற்றோர் இடருக்கு இலக்காயிற்று. நெல் அழியின் அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். நெட்டைத் தென்னையோ வைத்த ஆறேழு ஆண்டுக்குப் பின்னரே காய்க்கத் தொடங்குவது. அறுபதாண்டும் அதற்கு மேலும் பலன் தருவது. தந்தை வைத்து மகன் உண்ணும் செல்வம் அது. வீழ்ந்த மரமொன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசினர் அறிவித்தனர். மரத்திற்கு ஒருவாறு விலை கிடைத்தது. புதுக்கன்று காய்க்குமளவும் காத்திருக்கும் ஆண்டுகளுக்கு விலை தருவார் யார்? ஐம்பது வயதில் தோப்பிழந்தவன் மீண்டும் கன்று வைப்பானா, அன்றி நிலத்தை விற்று மகனை வெளிநாட்டிற்கு அனுப்புவானா என்பதே வினா. அவ்வினாவிற்கு அவன் அளிக்கும் விடையே அவ்வூர் வேளாண்மையின் எதிர்காலமாம். ஊக்கவிழப்பு என்று யாம் மேலே குறித்தது இதனையே.

வெம்மை

மழையும் காற்றும் கண்முன் அழிப்பன. வெம்மை காணாதவாறு குறைப்பது. நெல் பூக்கும் வேளையில் வெப்பம் ஏறத்தாழ 35 பாகையைக் கடப்பின் மகரந்தம் வலிகெட்டுப் பதர் மிகுகின்றது. இரவு வெப்பம் உயர்வதும் தீங்கே. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களின் விளைவை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டோர், கோடைப்போகத்தில் இரவின் தாழ்ந்த வெப்பநிலை ஒரு பாகை உயர விளைவு நூற்றுக்கு 10 பங்கு அளவில் குறைந்ததாகக் கண்டனர். பகலில் பயிர் ஈட்டியதை வெம்மையான இரவு மூச்சாகச் செலவிட்டுவிடுகின்றது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

காப்பு முறைகள்

இனி, இவ்விடர்களைத் தாங்குதற்கு மாந்தர் கண்ட வழிகளை ஆராய்வாம்.

முதலாவது விதை. ஒடிசா நாட்டுப் பழைய நெல் ஒன்றினின்று தெரிந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்னும் வகை, நீருள் முழுதும் மூழ்கியும் இரண்டு வாரமளவு உயிர்தாங்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006-இல் அறிஞர் தெளிவுபடுத்தினர். அதனைப் பெற்ற பயிர் மூழ்கியவுடன் தலைநீட்ட முயலாது அடங்கியிருக்கின்றது. சேமித்த பொருளைக் காத்துவைத்து, நீர் வடிந்தபின் வளர்கின்றது. ஸ்வர்ணா நெல்லில் இப்பண்பைச் சேர்த்துப் பெற்ற வகை 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பெற்றது. பொன்மணி என நம்மவர் அழைக்கும் சி.ஆர். 1009 நெல்லிலும் இப்பண்பு சேர்க்கப்பட்டுள்ளது. இதனால் அறியவேண்டுவது ஒன்றுண்டு. புதிய விஞ்ஞானம் தேடிய மருந்து பழைய உழவனது வயலிலே இருந்தது. உவர்நிலத்தையும் வறட்சியையும் தாங்கும் குழியடிச்சான் போன்ற நாட்டுநெற்களும் அத்தகையவே. திருவாரூர்ப் பகுதியில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 170-க்கு மேற்பட்ட நாட்டு நெல்வகைகளைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன், கஜா புயல் வீசிய மூன்றாம் வாரத்தில், 2018 டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற விதைகளை எந்நேரமும் திறக்கத்தக்க மருந்துப்பேழையாகக் கருதுதல் வேண்டும்.

இரண்டாவது வடிகால். பாசனத்திற்கு வாய்க்கால் வெட்டுதலைப் பெருஞ்செயலாகப் போற்றும் நாம், வடிகாலை மறந்துவிடுகின்றோம். தட்டையான நிலத்தில் ஓர் அடி மண்ணும் ஒரு பிடி ஆகாயத்தாமரையும் பல வேலி நிலத்தை மூழ்கடிக்கும். மழைக்கு முன் தூர்வாரின் அது காப்பு. மழை தொடங்கியபின் தூர்வாரின் அது செலவு மட்டுமே.

மூன்றாவது முன்னறிவிப்பு. புயல் வரும் என்று அறிவித்தல் மட்டும் போதாது. வருமுன் செய்யத்தக்கது யாது என்பதும் உடன் அறிவிக்கப்படல் வேண்டும். மேலுரமிடுதலை ஒத்திவைத்தல், வயல்வடிகாலைத் திறந்துவைத்தல், முற்றிய காயையும் அடிமட்டைகளையும் நீக்கித் தென்னையின் தலைச்சுமையைக் குறைத்தல், வாழைக்கு முட்டுக்கொடுத்தல் ஆகிய இவை சிறியனவேயாயினும் உரிய காலத்துச் செய்யின் பெரும்பயன் தருவன.

நான்காவது காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப்பயிருக்கு உழவன் செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் முதற்போகத்திற்கு நூற்றுக்கு 2, பின்போகத்திற்கு 1.5 என வரையறுக்கப்பட்டது. ஆயின் இழப்பு பெரும்பாலும் ஊரின் சராசரி விளைவைக்கொண்டே கணக்கிடப்படுகின்றது. தலைமடை விளைந்து கடைமடை மூழ்கிய ஊரில் சராசரி என்பது கடைமடையானுக்கு நீதியாகாது. காப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன்னரே கையில் சேரச்செய்தலும், வயலளவில் இழப்பைக் காணுதலும் இனிச் செய்யவேண்டுவன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியத்தக்கது யாதெனின், வேளாண்மை வளர்ச்சியை நல்லாண்டின் விளைவால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதேயாம். நன்மழை பெய்த ஆண்டில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எண்ணுதல் எளிது. தீயாண்டின் மறுநாள், அதே உழவன் அதே நிலத்தில் விதைப்பெட்டியோடு இறங்குகின்றானா என்று காண்பதே உண்மையான அளவுகோல். அவன் இறங்குதற்கு நான்கு பொருள் வேண்டும்: தாங்கும் விதை, வடியும் வயல், உரிய காலத்துச் சொல், கடனுக்கு முந்திவரும் பொருளுதவி. இவற்றுள் ஒன்று குறையினும் எஞ்சிய மூன்றும் வலியிழக்கின்றன. 2016-இல் விதைத்தவனுக்குப் பொருளுதவியும், 2018-இல் தோப்பு வைத்தவனுக்குக் காத்திருக்கும் வலிமையும் இல்லாமற்போனமையை மேலே கண்டோம்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் பயிர்நூல் கற்கின்றீர்கள். சிலர் பொருள்நூலும் கணக்கும் கற்கின்றீர்கள். பலர் உழவர் குடியிலிருந்தே வந்துள்ளீர்கள். மழைமானி ஒன்றை ஊர்ப்பள்ளியில் அமைத்து நாடோறும் குறித்துவைத்தல், ஊர் வடிகால்களின் படம் ஒன்று வரைதல், பாட்டனார் பயிரிட்ட நெல்லின் பெயரையும் இயல்பையும் கேட்டெழுதுதல், காப்பீட்டுத் தாளைப் படிக்க இயலாத உழவர்க்குப் படித்துச் சொல்லுதல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் விடுமுறையில் உங்களால் இயலும். வானத்தை நம் விருப்பப்படி நிறுத்தவோ பெய்விக்கவோ நம்மால் இயலாது. அதன் மிகையும் குறையும் வருங்காலத்தே, கடைமடையில் நிற்கும் உழவன் தனியனாய் நில்லாதவாறு செய்தல் நம்மால் இயலும்.